என் வாயில் பேசியவர்கள்

சிறு வயதில் நான் பேசிய எந்தப் பேச்சையும் நான்தான் பேசினேன் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. முதலில் வலிப்பு பேசுகிறது என்றார்கள். பிறகு உப்புத் தண்ணீர் என்றார்கள், அதற்குப் பிறகு ஆத்தா என்றார்கள், கடைசியில் மாத்திரை என்றார்கள். நடுவில் நான் ஒருத்தி பாயில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தலையும் இவற்றில் ஏதோ ஒன்றின் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் நான் சொல்வதைக் காதில் வாங்காமல் என் முகத்தை மட்டும் பார்த்து யாராவது பரிவாகத் தலையாட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. மதுரையில், பழங்காநத்தம் போகிற பாதையோரம் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே கிணற்றைச் சுற்றி வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அம்மாவுக்கு நான் ஒரே பெண். நான் பெரிய வாயாடி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை அம்மா என்னை வைதுகொண்டே இருப்பாள். "வாயா அது, வாய்க்காலாடி? கொஞ்சம் அடைச்சு வையி" என்பாள். நான் அடைக்க மாட்டேன். அவள் பேச, நான் எதிர்த்துப் பேச, அடுப்பில் சோறு பொங்கி வழிய, எங்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது.

முதல் வலிப்பு கிணற்றடியில் வந்தது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது என் உள்ளங்கையில் பக்கத்து வீட்டுப் பெட்டிச் சாவி இருந்தது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் அடங்கும் என்பது ஊர் வழக்கம். அடுத்த முறையிலிருந்து வளவே தயாராகிவிட்டது. நான் விழுந்தால் போதும், ஆளுக்கொரு சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். தெளிந்த பிறகு என் கையிலிருந்தும் மடியிலிருந்தும் சாவிகளைப் பொறுக்கி எது யாருடையது என்று பிரிப்பது அம்மாவுக்குத் தனி வேலை. ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டைப் பூட்டிய சாவியை என் கையில் திணித்துவிட்டு, நான் விரலைப் பிரிக்கிறவரை தன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு வலிப்பு வந்ததைவிட அவருக்குச் சாப்பாட்டு நேரம் போனதுதான் அன்றைக்குப் பெரிய பேச்சு.

அதோடு இரண்டு காரியங்கள் நடந்தன. வளவுப் பெண்கள் தங்கள் வீட்டுச் செம்பில் எனக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தினார்கள். அம்மா என்னை வைவதை நிறுத்தினாள். அதிர்ந்து பேசினால் மறுபடி வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். நான் என்ன வாயாடினாலும், "சரித்தா, சரித்தா" என்றாள். செம்பு போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

அப்பா என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. தமிழைப் புத்தகத்தில் படித்தவர், ஆகையால் வயசு பார்க்காமல் எல்லோரையும் 'நீர்' என்பார். என்னை உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீர் பயப்பட வேண்டாம், இது மூளையில் வருகிற நோய். பேயுமல்ல, பாவமுமல்ல" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பவுண்டர் ஒரு நீளப் பாட்டிலில் மருந்தை ஊற்றி, பாட்டிலின் பக்கத்தில் ரம்பம் மாதிரி பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுத்தார். வேளைக்கு ஒரு பல் குறைய வேண்டும். வாயில் வைத்தால் ஒரே கரிப்பு. அது உடம்பில் தங்க வேண்டுமானால் சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அம்மா குறைத்தெல்லாம் பார்க்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். மருந்தெல்லாம் உப்பு, சோற்றில் உப்பே இல்லை என்று ஆனது.

வலிப்பு அடங்கியது. கூடவே நானும் அடங்கிவிட்டேன். அதை எப்படிச் சொல்வது? காலையில் கச்சேரிக்குக் கிளம்பும்போது அப்பா, "சாப்பிட்டியாத்தா?" என்பார். எனக்குக் காதில் விழும். பதிலும் தெரியும். ஆனால் அந்தப் பதில் புறப்பட்டு வாய்க்கு வந்து சேர்வதற்குள் அப்பா தெருமுனையைத் தாண்டியிருப்பார். நான் வெறும் வாசலைப் பார்த்து, "சாப்பிட்டேன்" என்பேன். அந்நேரம் கூடையோடு வருகிற கீரைக்காரி, "நல்லதுத்தா" என்று சொல்லிவிட்டுப் போவாள். நாக்கு அடுத்த வீட்டிலிருந்து கடன் வாங்கியது போல் தடித்துக் கிடக்கும். உள்ளே நான் பழைய வாயாடியாகவேதான் இருந்தேன். வெளியே வருகிற கதவுதான் இறுகிப்போயிருந்தது.

இதைப் பார்த்து ஊர் என்ன நினைத்திருக்க வேண்டும்? பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஊர் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டது என்றது. பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசி பெஞ்சு மேல் நின்றவள் நான். அந்த வருஷம் நன்னடத்தைக்கு எனக்கு ஒரு சோப்புப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதே டீச்சர் ஒருநாள் கணக்கை நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று, "நீயெல்லாம் உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்டார். நான் நிதானமாக யோசித்து, உள்ளதை உள்ளபடி, "இல்ல டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு பணிவாக ஒரு பிள்ளை பதில் சொல்லி அவர் பார்த்ததே இல்லையாம். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பிப் பாராட்டினார்.

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, அலங்காநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். நிலம், மாடு, ஒரே மகன். நான் பிறந்த அன்றே அவனுக்கு என்று பேசிவைத்திருந்தாள். வலிப்பு வந்த சேதி கேட்டதும், "வெளியில பாத்துக்கிடுறேன் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது வந்து என்னைப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுது. என்னா அடக்கம். இப்படி ஒரு மருமக கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

"பேச்சே இல்லாமப் போச்சே மதினி" என்றாள் அம்மா.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு? வயசு வரட்டும், எம் மகனுக்கே முடிச்சுக்கிடுவோம். என்னத்தா, மாமனைக் கட்டிக்கிடுறியா?"

எனக்கு அந்த மாமனைக் கண்டாலே ஆகாது. மாடு மாதிரி மூச்சுவிடுவான், என் பென்சிலையெல்லாம் கடித்துவைப்பான். பதில் உடனே உள்ளே தயாராகிவிட்டது. நான் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அத்தை காப்பி குடித்தாள், வெற்றிலை போட்டாள், என் கன்னத்தைக் கிள்ளினாள், என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறப் போனாள். அவள் போய் வெகுநேரம் கழித்து, "எனக்கு வேண்டாம்" என்றேன். அம்மா என் கையிலிருந்த வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

நான் அழுதேன். அதுவும் நிதானமாகத்தான் வந்தது.

பிறகு முகத்தில் பருப்பருவாகக் கிளம்பியது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, அம்மைதான் என்றாள். வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. தாளிப்பு நின்றது. வெளியாட்கள் வருவது நின்றது. அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது, உள்ளே வந்திருக்கிற ஆத்தாவுக்கு அது அவமரியாதை என்பதால் உப்புத் தண்ணீர்ப் பாட்டிலும் பரணுக்குப் போனது. அத்தை ஊரிலிருந்து வந்து காவல் இருந்தாள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மருந்து நின்ற பயத்தில் அவருக்குத் தூக்கமில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்புவதற்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்திய நாள் காலையில், பெண்கள் கிணற்றடியில் இருந்தபோது, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டார்.

"இது அம்மை அல்ல. நான் கொடுத்த மருந்தினால் வந்த பரு. மருந்தை மாற்றித் தருகிறேன்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை துவரம்பருப்பு அளவில் வெள்ளை மாத்திரை. "சில பிள்ளைகளுக்கு இது தூக்கம் தரும். சிலருக்குத் தலைகீழாகப் போய்க் கோபம் தரும். உம்முடைய மகளுக்கு எது என்று பார்ப்போம்" என்றார்.

எனக்கு எது என்று பார்க்க அதிக நாள் ஆகவில்லை. இறுகிக்கிடந்த கதவு கீலோடு பிடுங்கிக்கொண்டது. உட்கார முடியாது, நிற்க முடியாது. ஈ உட்கார்ந்தால் கோபம், எழுந்து போனாலும் கோபம். மனசில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு வாசல்படி உண்டே, அது எனக்கு இல்லாமல் போயிற்று. அப்பாவின் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கு வந்து, "பாப்பா என்ன படிக்குது?" என்று குழைந்தார். "அதை அப்புறம் சொல்றேன். எங்கப்பாவை நீங்க எதுக்குத் தினம் வையிறீங்க? வீட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுக்குறாரு" என்றேன். அப்பாவுக்குக் காப்பி புரையேறிவிட்டது. "மாத்திரை சார், மாத்திரை" என்று என் பக்கம் கையைக் காட்டி இருமினார். தலைமைக் குமாஸ்தா, அந்த மாத்திரையைக் கச்சேரிப் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

அத்தை மாத்திரையை நம்பவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "ஒரு பருப்பு அளவுதான் இருக்கு. இதுக்குள்ள இம்புட்டுக் கோவம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதிலையும் அவளே வைத்திருந்தாள். "தண்ணி ஊத்தி அனுப்பாத ஆத்தா எங்கிட்டுப் போவா? உங்கப்பன் அவசரப்பட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான். அவ உள்ளேயே உக்காந்துட்டா. மருவாதி இல்லாமப் பாதியில விட்டா யாருக்குத்தான் கோவம் வராது?" என்றாள்.

கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. பரு வந்தது, வேப்பிலை வைத்தது, வழியனுப்பாதது, கோபம் வந்தது. எனக்கே கொஞ்ச நேரம் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மருமகள் பெட்டிச் சாவியைக் காணோம் என்று வளவு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். என்னிடமும் வந்தாள். பழைய நாட்களில் எல்லாச் சாவியும் என் கையில் வந்து சேர்ந்த வழக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். "எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? உங்க மாமியா சுருக்குப்பையில பாருங்க. வெத்தலைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு உங்களைத் தேட விட்டு வேடிக்கை பாக்குது. என் உசுரை வாங்காதீங்க" என்று கத்தினேன். இது வளவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்தக் கிழவி வாரம் தவறாமல் இதைச் செய்வாள். ஆனால் வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை. சாவி சுருக்குப்பையில் கிடைத்தது. கிழவி வெலவெலத்துப்போய் என் காலில் விழுந்து, "தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி" என்றாள். அத்தை கிணற்றடியில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டு நடையில் கால்வைக்க இடமில்லை. அத்தை எனக்கு மஞ்சள் பாவாடை கட்டி, பாயில் உட்காரவைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றாள். அலங்காநல்லூரிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்களை நான் வைதேன். வேறு என்ன செய்வது? கூட்டமும் புகையும் சாம்பிராணியும், மாத்திரை வேறு உடம்பு முழுக்க ஊர்கிறது. வைதால் நல்ல சகுனம் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். வசவு வாங்காமல் போனவர்கள் முகம் வாடிப் போனார்கள்.

கொட்டாம்பட்டிக்காரி ஒருத்தி, மகளை அவள் புருஷன் வந்து கூட்டிப்போக மாட்டேன் என்கிறான் என்று அழுதாள். "அவன் அடிக்கிறானா?" என்று கேட்டேன். "அடிப்பான் தாயி" என்றாள். "அப்ப வராட்டி நல்லதுதானே, எதுக்கு அழுகுறே? கிறுக்கா உனக்கு?" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைத்தான் தானும் நினைத்ததாகச் சொல்லி நிம்மதியாகப் போனாள்.

அலங்காநல்லூரில் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டு விவசாயி, நல்ல உயரம், பெரிய மீசை. தை மாதத்துக்கு வாடிவாசலில் விட வைத்திருந்த காளை தீவனம் எடுக்கவில்லை என்று வந்தார். "மாட்டைப் பத்தி எனக்கு என்னா தெரியும்? மாட்டைப் போயிக் கேளு" என்றேன். அவர் அப்படியே போய், காளை முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அதன் அடிநாக்கில் முள் ஏறியிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மூட்டை வெல்லத்தோடு வந்து என் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நான் சாமி இல்ல" என்று அலறினேன். "எனக்கு வலிப்பு. நான் மாத்திரை திங்கிறேன். அதனாலதான் இப்படிக் கத்துறேன். எந்திரிங்க."

"முதல்ல அப்படித்தான் சொல்லும்" என்றாள் அத்தை கூட்டத்தைப் பார்த்து. "லேசுல தன்னைக் காட்டிக்கிடாது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளதைச் சொன்னாலும் அது என் பேச்சில்லை என்றால், இனி நான் எதைச் சொல்லித்தான் என்னை நிரூபிப்பது?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், அம்மாவும் அப்படி ஆகாமல் இருந்திருந்தால். எனக்குச் செம்பில் தண்ணீர் தர மறுத்த பெண்கள் எல்லாம் இப்போது அவளைக் கைப்பிடித்து உட்காரவைத்தார்கள். அவளும் நிமிர்ந்து நடந்தாள். பாவம், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் இட்லித் தட்டைத் தூக்கி எறிந்தபோது, முன்பெல்லாம் என்றால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும், அவள் கைகூப்பி நின்று, "என்ன குத்தம்னு சொல்லுங்கத்தா, செஞ்சிடுறேன்" என்றாள். என்னைப் பெற்றவள் என்னைப் பார்த்து 'சொல்லுங்க' என்றாள். "அம்மா, நான்தாம்மா" என்றேன். அவள் கூப்பிய கையை இறக்கவில்லை.

அத்தை அடுத்த அடியை எடுத்துவைத்தாள். சாமிக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா? அப்பாவிடம் சொன்னால் ஒப்ப மாட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தயங்கினாள். பிறகு மாத்திரைச் சிமிழை எடுத்து சாமி மாடத்தில் வைத்துப் பூ சாத்திவிட்டாள். அப்பா கச்சேரியிலிருந்து வந்து, "குடுத்தாச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஆச்சு" என்றாள்.

மாத்திரை நின்றால் ஆத்தா இன்னும் பெரிதாக ஆடுவாள் என்று அத்தை எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. சில நாளில் எனக்குள் இரைச்சல் ஓய்ந்தது. ஈ உட்கார்ந்தால் விரட்டினேன், அவ்வளவுதான். கேட்டதற்கு உடனே பதில் வந்தது. அதுவும் நான் சொல்ல நினைத்த பதிலே வந்தது. அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வந்து கைகட்டி நின்றபோது, "வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"என்ன இது, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பேசுது" என்றார் மீசைக்காரர் கவலையோடு.

"ஒரு வார்த்தை வையித்தா, அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கேன்" என்று ஒருத்தி கெஞ்சினாள். வைய எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குத்தான் வெகுகாலத்துக்குப் பிறகு நானே பேசிக்கொண்டிருந்தேன், அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சிலர் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தார்கள்.

அப்போதுதான் விழுந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடம்பு வில்லாக வளைந்து வெட்டியது. வாயில் நுரை. ஈ உட்கார்ந்ததற்குக் கத்தியதையெல்லாம் அருள் என்று கும்பிட்ட கூட்டம், நிஜமாகவே உடம்பு ஆடியதைப் பார்த்ததும், "அட, காக்கா வலிப்பு" என்று பின்வாங்கியது. பிறகு ஞாபகம் வந்து எல்லோரும் மடியைத் துழாவினார்கள். பெட்டிச் சாவி, கொட்டில் சாவி, கோவில் உண்டியலுக்கு யாரோ வைத்திருந்த சாவி, எல்லாம் என் மேல் வந்து விழுந்தன. வலிப்பு அடங்கி, அடங்குவதற்குள் மறுபடி வந்தது. நடுவில் நினைவு திரும்பவே இல்லை. அம்மா மாடத்துக்கு ஓடி, பூவையெல்லாம் தள்ளிவிட்டுச் சிமிழை எடுத்து வந்து, பல் கிட்டிக் கிடந்த என் வாயில் மாத்திரையைத் திணிக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. மீசைக்காரர்தான் சாவிகளைத் தட்டிவிட்டு என்னை வாரித் தூக்கி, ஜட்காவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அத்தை எலுமிச்சம்பழத் தட்டோடு நடையிலேயே நின்றாளாம்.

நான் கண் விழித்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா யாரையும் வையவில்லை. "மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பழையதைவிடப் பெரிதாகத் திரும்பும். உம்முடைய மகள் பிழைத்தது பெரிய காரியம். அளவைக் குறைத்துத் தருகிறேன். கோபம் கொஞ்சம் இருக்கும். நீர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

"அவ என்ன பேசினாலும் பொறுத்துக்கிடுறேன். உசுரோட இருந்து பேசினாப் போதும்" என்றாள் அம்மா.

சொன்னபடியே பொறுத்துக்கொண்டாள். அங்கேதான் என் அடுத்த கஷ்டம் ஆரம்பித்தது. தினமும் தன் கையாலேயே மாத்திரை கொடுத்தாள். ஆத்தா போய்விட்டாள், அவள் இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்தது. நான் கத்தரிக்காய் வேண்டாம் என்றால், "மாத்திரை பேசுது, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று அப்பாவிடம் சொல்வாள். பச்சைத் தாவணிதான் வேண்டும் என்றாலும் மாத்திரை. சந்தோஷமாகச் சிரித்தால்கூட, "இன்னைக்கு மாத்திரை நல்லாப் பிடிச்சிருக்கு" என்பாள். நான் சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். சாமான்களை உருட்டினேன். அவள் சமையலைப் பழித்தேன். அவள் பரிவாக என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். யாரும் திட்டாத வீட்டில் வளர்வது பெரிய சுகம் என்று நினைக்கிறவர்கள் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்தான்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடி, மேட்டில் நின்று, ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். எனக்குக் கடைசியாக வலிப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கி, மெல்ல மெல்ல நிறுத்தினார். கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யார் வெளியே வரப்போகிறார்கள் என்று பார்ப்பது போல் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். கோபம் முழுக்க மாத்திரையுடையது என்றால், அது போன பிறகு எனக்கென்று என்ன மிச்சம்? ஆனால் மாதங்கள் போயின, ஈ உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. முன்பு போல் வீட்டைப் புரட்டுகிற கோபமில்லை. அளவான, சொந்தக் கோபம். ஆனால் அம்மா பழகிப்போன வாயால் இன்னும், "சரித்தா, சரித்தா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அத்தை வந்தாள். கரி பஸ்ஸைத் தள்ளிய புழுதி சேலையெல்லாம். கையில் வெற்றிலை பாக்குப் பழத்தட்டு. பின்னால் அவள் மகன், முன்பைவிடப் பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டு.

"நோய்தான் போயிருச்சே தம்பி. பேசினது பேசினதுதான். முடிச்சுக்கிடுவோம்" என்றாள் அப்பாவிடம். அப்பா தன் அக்காவை எதிர்த்து வாழ்நாளில் பேசியதில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

நேரத்துக்கு வந்தது. அத்தை தட்டைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டது.

"எனக்கு அவரைப் பிடிக்கல அத்தை. சின்னதுலருந்தே பிடிக்கல. நீங்க எத்தனை தட்டுக் கொண்டாந்தாலும் கட்டிக்கிட மாட்டேன்."

அத்தை கோபப்படவில்லை. தெரிந்த விஷயம்தானே என்பது போலப் பரிவாகச் சிரித்தாள். "பாரு, இன்னும் விட்டுப் போகல. மாத்திரை பேசுதா, இல்ல ஆத்தா வந்துட்டாளா? ரெண்டு நாள் போகட்டும், தெளிஞ்சிடும்" என்றாள்.

இனி நான் என்ன சொன்னாலும் அதையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுவாள் என்று தெரிந்துபோயிற்று. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"மாத்திரை நிப்பாட்டி எம்புட்டோ நாளாச்சு மதினி" என்றாள். "ஆத்தாவும் இல்ல. எம் மகதான் பேசுறா. அவளுக்குப் பிடிக்கலையாம். தட்டை எடுத்துக்கிடுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏண்டி, பெரியவங்ககிட்ட இப்படித்தான் மூஞ்சிக்கு நேராப் பேசுவியா? வேண்டாம்னா மெள்ளச் சொல்லத் தெரியாது உனக்கு? வாயா அது? எம்புட்டுத் திமிரு. நாளைக்கு எவ வீட்டுல போயி என் பேரைக் கெடுக்கப்போறியோ" என்று ஆரம்பித்தாள்.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகும் நிறுத்தவில்லை. அடுப்படிக்குப் போயும் வைதாள். நான் நிலைப்படியில் சாய்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்கு விழுந்த வசவு.